துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியல் உண்டு. வீட்டுக்காரருக்கு இல்லை, அவருடைய துப்பாக்கிக்கு. அவர் தலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் வைப்பதற்கு நான் கெஞ்சாத கெஞ்சல் கிடையாது. சளி பிடிக்கும், கண் எரியும், காட்டில் வேலை கிடக்கிறது என்று ஆயிரம் சாக்குச் சொல்வார். அதே மனிதர் சனிக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து, அந்த ஒற்றைக் குழல் துப்பாக்கியைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து, பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் கிடத்துவார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு வரைக்கும் அவரை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் காதில் விழாது.

நான் தையல்காரி. குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் தைக்கிறேன். அவருக்கு மக்காச்சோளமும் கொஞ்சம் பருத்தியும். மழையை நம்பிய மானாவாரிக் காடு. மக்காச்சோளம் பால் பிடிக்கிற பருவத்தில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்துவிடும். அவற்றை விரட்டத்தான் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் இந்தத் துப்பாக்கி. விரட்டத்தான், சுடக் கூடாது. அவரும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வானத்தைப் பார்த்துச் சுடுவார். வானத்துக்கு ஒன்றும் ஆனதில்லை. பன்றிகளும் கொஞ்ச தூரம் மரியாதைக்கு ஓடிவிட்டு, அவர் வீட்டுக்குத் திரும்பியதும் வந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிடும்.

சுடுகிறது அரிது, ஆனால் துருப் பிடிக்காமல் காக்கிறது வாரம் தவறாத உத்தியோகம். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். ஈரம் போகத் துடைப்பார். துடைத்த கையையும் வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுவார். அப்புறம்தான் இரும்பைத் தொடுவார். ஒருநாள் அவசரத்துக்கு அதை நகர்த்தி வைக்கலாம் என்று நான் கை நீட்டியபோது போட்டாரே ஒரு சத்தம்.

"தொடாத புள்ள! உன் கை வேர்க்குற கை. குழல்ல பட்டுச்சுன்னா ஒரே வாரத்துல ரேகை ரேகையா துரு ஏறிடும்."

"சோறு வடிக்க, களை வெட்ட, துணி தைக்க எல்லாம் இந்தக் கை ஆவும். உங்க மகாராணியத் தொட மட்டும் ஆவாதா?" என்று கேட்டேன்.

"ஆவாது" என்றார். அதில் கேலி கொஞ்சமும் இல்லை. அன்றிலிருந்து அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். அவர் அதையும் கோபப்படாமல் ஏற்றுக்கொண்டார்.

எந்த எண்ணெய் போடுவது என்பதில் அவர் செய்த ஆராய்ச்சிகளை நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. முதலில் தேங்காய் எண்ணெய். மார்கழியில் அது உறைந்து, குழலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கட்டி, எறும்பு வரிசை பீரோவின் கால் வழியாக ஏறியது. அடுத்தது நல்லெண்ணெய். அது நாளாக நாளாகப் பாகுபோல் இறுகி, துப்பாக்கியை மடக்கித் திறக்கவே முடியவில்லை. கதவை உடைக்கிறவர் மாதிரி முழங்காலில் வைத்து மல்லுக்கட்டினார். விளக்கெண்ணெய் போட்ட மாதம் பீரோவிலிருந்து என் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தாள்.

கடைசியில் அவருடைய கண் என் தையல் மெஷின் எண்ணெய்மேல் விழுந்தது. மெல்லிய எண்ணெய், இறுகாது, வாசனை கிடையாது. அதிலிருந்து என் மெஷின் கிறீச் கிறீச் என்று கத்த ஆரம்பித்தது, அவருடைய துப்பாக்கி வாயைத் திறக்காமல் வழவழவென்று இருந்தது. எண்ணெய் வாங்கும் கடையில் ஒருநாள், "என்னக்கா, மெஷின் எண்ணெயில தாளிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு மானம் போனது. அவருக்குப் பெருமைதான்.

எண்ணெயோடு விட்டாரா? பீரோவுக்குள் இருக்கும் ஈரத்தையும் ஒழிக்க வேண்டும் என்றார். என் பிறந்த வீடு அரியலூர்ப் பக்கம். சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே காளவாயில் சுட்ட, இன்னும் தண்ணீர் காட்டாத சுண்ணாம்புக்கல் காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணத்தின்போது சீர் கேட்காத உத்தமர், இத்தனை வருஷம் கழித்து என் பிறந்த வீட்டில் வாய்விட்டுக் கேட்டது சுண்ணாம்புக்கல். என் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தான். இவர் அதைப் பால்பவுடர் டின்னில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, பீரோவில் துப்பாக்கியின் காலடியில் வைத்தார். ஐப்பசி மழையில் கல் ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மாவாக உதிர்ந்து கிடந்தது. என் புடவைகள் எல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றன. துப்பாக்கியில் ஒரு புள்ளி துரு இல்லை. "பாத்தியா, வேலை செஞ்சிருக்கு!" என்று என்னையே கூப்பிட்டுக் காட்டினார்.

இவ்வளவு கேலி செய்கிறேனே, அந்தத் துப்பாக்கி அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியாததில்லை. என் மாமனார் நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர்கள் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர். அந்த வீட்டு ஆண்களை வயது பார்க்காமல் "டேய்" என்று கூப்பிட்ட ஊர் இது. அவர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு துண்டுக் காடு வாங்கினார். காடு வாங்கியபோதுகூட ஊர் மாறவில்லை. பிறகு அந்தக் காட்டுக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிப் போட்டு, ஆபீஸ் ஆபீஸாக நடந்து, துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அதுவரை ஊரில் துப்பாக்கி பெரிய வீடுகளில் மட்டும்தான் இருந்தது. அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்த அன்றுதான் ஒருவர் முதன்முதலாக "வாங்க" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு நாங்கள் துப்பாக்கிக்காரர் வீடு. இப்போதும் தபால்காரர் முதல் பால்காரர் வரை அப்படித்தான் சொல்லுவார்கள்.

மாமனார் போன பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற இவர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஒருமுறை கைவிட்டுப் போனால் இந்தக் காலத்தில் புதிதாகக் கிடைக்காது. துப்பாக்கி துருவேறிப் பழுதாகிவிட்டது என்று எழுதிவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள்; ஒப்படைத்துவிட்டு வர வேண்டியதுதான். ஆகவே துரு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் மாறிவிடும். எனக்கு அது புரியும். புரிந்தாலும் கேலி செய்யாமல் இருக்க என்னால் முடியாது. அது என் சுபாவம்.

அப்படி இருக்கும்போதுதான் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்ப வாங்க முடியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் நடப்பதுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் இவர் மகளை முதல்முறை ஹாஸ்டலில் விடுகிறவர் மாதிரி ஆகிவிடுவார்.

இந்தத் தடவை ஏற்பாடுகள் பலமாக இருந்தன. உறை போட்டுக் கொடுத்தால் துணி ஈரம் கோத்துக்கொள்ளும், அதனால் உறை கூடாது. வெளிப்புறத்துக்கு மெஷின் எண்ணெய் போதாது, காய்ந்துவிடும். டிராக்டருக்குப் போடுகிற கிரீஸ்தான் நீண்ட நாள் தாங்கும். குழலுக்குள் மட்டும் என் எண்ணெய். கிரீஸின் மேல் சுற்றுவதற்கு நான் அளவு வெட்ட வைத்திருக்கும் காக்கித் தாள். கூடவே ஈரம் உறிஞ்சும் பொட்டலம். செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் குட்டிக் குட்டியாக வருமே, சாப்பிடக் கூடாது என்று எழுதி, அது. சுண்ணாம்புக்குப் பதவி போய் இதற்கு வந்திருந்தது.

அந்தப் பொட்டலத்துக்காக என்னோடு லப்பைக்குடிக்காட்டுக்கு வந்தார். நான் லைனிங் துணியும் நூலும் வாங்கப் போனேன். அங்கே வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று எனக்குப் பழக்கம். கடைக்காரருடைய தம்பிகள் எல்லோரும் வளைகுடாவில். இவர் கடைக்குள் நுழைந்து, பையைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்க்கவில்லை, நேராகக் கேட்டார்.

"பாய், இந்தப் பெட்டிக்குள்ள எல்லாம் ஒரு பொட்டலம் கெடக்குமே, அது கெடைக்குமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"யா அல்லாஹ்! பெட்டி வாங்கிட்டுப் பொட்டலத்தத் தூக்கிப் போடுறவங்களப் பாத்திருக்கேன். பொட்டலத்துக்காகக் கடைக்கு வந்தவங்க நீங்கதாண்ணே. எதுக்கு?"

"துப்பாக்கிக்கு."

கடைக்காரர் கை அப்படியே நின்றது. தேர்தல் நேரம், கடையில் ஆள் வேறு இருந்தார்கள். நான் நடுவில் புகுந்து, லைசென்ஸ் துப்பாக்கி, பன்றி விரட்டுவது, ஸ்டேஷனில் கொடுப்பது என்று எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கேட்டு முடித்ததும் அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, உள்ளே போய்க் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தார். "வச்சுக்கங்கண்ணே. துவா செய்றேன், உங்க துப்பாக்கிக்குச் சுகம் கெடைக்கட்டும்" என்றார். இவர் நன்றியோடு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒப்படைக்கிற அன்று காலை. குழலைத் துடைத்து, உள்ளே எண்ணெய் விட்டு, கிரீஸ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, வெறுமனே அனுப்பக் கூடாது. உன் கையால ஒரு பொட்டு வச்சுடு."

எங்கள் பக்கம் மாட்டை விற்றால்கூட வாசல் தாண்டும்போது பொட்டு வைத்துத்தான் அனுப்புவோம். போகிற இடத்தில் நல்லபடியாக இருக்கட்டும் என்பதற்காக. ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் என் மெஷினுக்கும் வைப்பதுதான். ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு அதுவரை அவர்தான் வைப்பார், அதுவும் தோளில் வைக்கிற மரக்கட்டையில். என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மாமியார் வூட்டுக்குப் போறவளுக்குச் சக்களத்தி கையால பொட்டா? காலம் கெட்டுப் போச்சு" என்றேன். சந்தனத்தைக் குழைத்து, குழலில் வரிசையாக மூன்று இடத்தில் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் காயட்டும் என்றுகூட விடவில்லை. கை வேர்வைக்கே சத்தம் போடுகிற மனிதர், தானே கேட்ட பொட்டு என்பதாலோ என்னவோ, அன்று ஈரத்தை நினைக்கவே இல்லை. ஸ்டேஷனுக்கு நேரமாகிறது என்று கிரீஸை எடுத்தார். பொட்டு கலையாமல், பூப்போலச் சுற்றிச் சுற்றித் தடவி, கடைசியில் மேலேயும் மெதுவாக ஒரு பூச்சுப் பூசினார். பொட்டு கிரீஸுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் காக்கித் தாள், பொட்டலங்கள், கயிறு. சீர் வரிசை தயார் என்றேன். முறைத்தார்.

துப்பாக்கி போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது காரணம் கண்டுபிடித்து ஸ்டேஷன் பக்கம் போய்வருவார். அங்கே கணக்கு வழக்குப் பார்க்கும் ஏட்டு சிரித்த முகக்காரர். ஒருமுறை நானும் கூட இருந்தேன். இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏட்டையா, என் துப்பாக்கிய மட்டும் கொஞ்சம் தலைகீழா நிக்க வைக்கலாங்களா?"

"ஏன், அது என்ன தப்பு பண்ணுச்சு?"

"இல்லிங்கய்யா. நேரா நின்னா எண்ணெய் எறங்கி மரக்கட்டைய ஊற வச்சிடும். குழல் காஞ்சு போயிடும்."

ஏட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா, ஊட்டுல உங்களையும் இப்படித்தான் கவனிச்சுக்குறாரா?" என்றார்.

"எனக்கு எண்ணெய் நானே வச்சுக்குறேங்கய்யா" என்றேன். ஸ்டேஷனே சிரித்தது. ஆனால் அந்த நல்ல மனிதர் உள்ளே போய்த் துப்பாக்கியைத் தலைகீழாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் வந்தார்.

தேர்தல் முடிந்தது. மற்றவர்கள் எல்லோரும் போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவருக்குத் தரவில்லை. நடுவில் லைசென்ஸ் கெடு முடிந்துவிட்டது. புதுப்பித்த பிறகுதான் தர முடியும் என்றார்கள். அது சட்டம், யாரையும் குறை சொல்ல முடியாது. புதுப்பிக்க எழுதிப் போட்டோம். அது ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருந்தபோது ஆடி போனது, ஐப்பசியும் வந்தது. அந்த வருஷம் மழை எங்கள் பக்கம் வஞ்சம் வைத்துக் கொட்டியது. மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்து போய் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார்.

பன்றிகள் வராமல் இல்லை. துப்பாக்கி இல்லாததால் பழைய தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார். பன்றிகள் ஓடின. உண்மையைச் சொன்னால், துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓடியதைவிட வேகமாகவே ஓடின.

"தகரத்துக்கு லைசென்ஸ் வேணாம், எண்ணெய் வேணாம், தலைகீழா நிக்கவும் வேணாம். அதையே வச்சுக்கங்களேன்" என்றேன்.

வழக்கமாக முறைப்பவர் அன்று முறைக்கவில்லை. "பன்னிக்கா அத வச்சிருக்கோம்?" என்று மட்டும் சொன்னார். பிறகு தகரத்தைக் கயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டே, "துரு ஏறியிருந்தா எழுதிடுவாங்க. அப்பா வாங்குனத நான் தொலைச்சேன்னு ஆயிடும்" என்றார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

ஒருவழியாகப் பரிசோதனைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பெரம்பலூர் டவுனில் ஆயுதப்படை மைதானத்தில், துப்பாக்கிகளைச் சோதித்து நல்ல நிலையில் இருக்கிறதா என்று சான்று எழுதும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஆர்மரர் என்பார்கள். அவர் பார்த்து எழுதினால்தான் லைசென்ஸ். துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்தே ஜீப்பில் கொண்டுவந்துவிடுவார்கள், நாம் போய் நிற்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் இவர் சுற்றிச் சுற்றி வந்து, "உனக்கு டவுன்ல ஏதோ நூல் வாங்கணும்னியே" என்றார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. தனியாகப் போகப் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். "ஆமா, நூல்தான்" என்று கிளம்பினேன்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு நீளமான மேசை. எங்களுக்கு முன்னால் ஒரு நாலைந்து பேர் தங்கள் துப்பாக்கிகளோடு நின்றார்கள். ஆர்மரர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். எங்கள் முறை வந்ததும் இவர் கயிற்றை அவிழ்த்து, காக்கித் தாளைப் பிரித்தார். பொட்டலங்கள் மேசையில் உதிர்ந்தன. கிரீஸ் அப்படியே இருந்தது. ஆர்மரர் புருவத்தை உயர்த்தி, "பரவாயில்லையே" என்றார். மண்ணெண்ணெயும் துணியும் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். இவருக்கு முகம் மலர்ந்தது. குழலை அடியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தார். இரும்பு புதிதுபோல் வெளியே வந்தது. அப்புறம் முதல் பொட்டுக்குப் பக்கத்தில் வந்து, அதைச் சுற்றி வளைந்து, தாண்டிப் போனார். இரண்டாவதையும் தாண்டினார். மூன்றாவதையும்.

"அது என்னங்க?" என்று ஆர்மரர் கேட்டார்.

"பொட்டு சார்."

"தெரியுது. துடைங்க."

இவர் துணியை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அத மட்டும் வுட்டுட்டு மத்ததப் பாருங்க சார். எங்கயும் துரு இல்ல."

"ஈரச் சந்தனத்துக்கு மேல கிரீஸ் போட்டிருக்கீங்க. கிரீஸ் வெளி ஈரத்தத்தான் தடுக்கும். உள்ள மாட்டுன ஈரம் எங்க போவும்? இரும்பத்தான் திங்கும். அடியில எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு பாக்காம நான் எப்படிங்க எழுதுறது?"

இவர் குனிந்த தலை நிமிரவில்லை. "அது ஊட்டுல வச்சது சார். அவ கையால வச்ச பொட்டு. அவ இருக்கையில நான் அத அழிச்சா அவளுக்கு ஆவாது சார்" என்றார்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆர்மரர் சிரிக்கவில்லை. "அப்ப நான் தகுதி இல்லைன்னுதாங்க எழுதணும். எனக்கு வேற வழியில்ல" என்று பொறுமையாகச் சொன்னார். இவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த மேசையைப் பார்த்தபடியே, "எழுதிக்கங்க சார்" என்றார்.

சுண்ணாம்புக்கல் கேட்ட மனிதர், பொட்டலத்துக்குக் கடை ஏறிய மனிதர், வாரா வாரம் ஸ்டேஷன் வாசலில் நின்ற மனிதர், எழுதிக்கங்க என்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல், சந்தனத்தின்மேல், சிரித்தவர்கள்மேல். மேசைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து போய் அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன்.

"நான் வச்சது, நானே துடைக்கிறேன். அதிலயும் ஆவாதுன்னு சட்டம் இருக்கா?"

அவர் துடைத்தால் எனக்கு ஆகாது. நான் துடைத்தால் அவருக்கு ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். உயிரோடு இருக்கும் புருஷனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருத்தி தன் கையால் பொட்டை அழிப்பதா என்று பேசுவார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் துணியை விடவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் கட்டியாக இறுகியிருந்தது, நகத்தால் பெயர்த்தேன். ஒவ்வொன்றாக மூன்றும் போயின. பின்னால் இருந்தவர்களின் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியாது.

அடியில் மூன்று வட்டம், செங்கல் நிறத்தில். முதலும் மூன்றும் தேய்க்கத் தேய்க்கக் கருத்துப் போய் வெறும் கறையாக நின்றன. நடுவில், குங்குமமும் சேர்ந்து வைத்த இடத்தில், ஒரு சின்னப் பள்ளம். ஆர்மரர் அதை நகத்தால் தடவிப் பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். துப்பாக்கியை மடக்கிக் குழலை வானத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, உள்ளே வெகு நேரம் பார்த்தார்.

"உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு. மேலயும் தோலோட நின்னுடுச்சு, ஆழம் போவல" என்றார். பேனாவைத் திறந்தார். "நல்ல நிலையில் உள்ளதுன்னு எழுதுறேன். அம்மா, இனிமே பொட்டு வைக்கணும்னா மரக்கட்டையில வைங்க. இரும்புக்கு வேணாம்."

"சரிங்க சார். அவளுக்குப் பொட்டு ஒத்துக்காதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றேன். ஆர்மரர் முதல்முறையாகச் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

மைதானத்துக்கு வெளியே ஒரு புங்கமரத்தடியில் கொஞ்சம் உட்காரலாம் என்றார். லைசென்ஸ் கைக்கு வர இன்னும் சில நாள் ஆகும், ஆனால் இனி தடை இல்லை. அவர் குதிக்க வேண்டிய நேரம் அது. நானும் அதற்குத் தகுந்த மாதிரி கேலி ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அப்போதுதான் அது வேர்வை இல்லை என்று கவனித்தேன்.

"ஏங்க, அதான் எழுதிட்டாரே. இன்னும் என்ன?"

"துப்பாக்கி போனா போயிருக்கட்டும் புள்ள" என்றார். "நான் உசுரோட நிக்கிறப்பவே உன் கையால பொட்டை அழிக்க வச்சுட்டேனே."

தயார் செய்து வைத்திருந்த கேலி எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு வருஷமும் அந்த இரும்புக்கு அடுத்த இடம்தான் எனக்கு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரிப்புக்கு நடுவில் கொஞ்சம் நம்பவும் செய்திருந்தேன்.

"அது இரும்புல வச்ச பொட்டுங்க. என்னுது இங்க அப்படியேதான இருக்கு, பாருங்க" என்று நெற்றியைக் காட்டினேன்.

பார்த்தார். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன, ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், அவர் எதையும் சட்டை செய்யாமல் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பிறகு அவராகவே எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.